ஜூலியின் வயிறும் அப்பாவின் பிஸ்கட்டும்

கேள்வி: எங்கள் ஜூலிக்கு நான்கு வயது. கலப்பினம், 18 கிலோ எடை. ஒன்றரை ஆண்டாக அவளுக்கு வயிறு சரியில்லை. சில நாள்கள் மலம் ஒழுங்காக இருக்கும். திடீரென்று ஒரே நாளில் ஆறு, ஏழு முறை வெளியே ஓட வேண்டியிருக்கும். சளி கலந்து போகிறது. இரண்டு முறை சிவப்பாக இரத்தமும் பார்த்தேன். விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கிறாள். பசி நன்றாக இருக்கிறது, எடையும் குறையவில்லை. பாதங்களை ஓயாமல் நக்குகிறாள், காதில் அடிக்கடி சீழ் பிடிக்கிறது. இதுவரை ஐந்து வகை உணவு மாற்றிவிட்டேன். இப்போது கொடுப்பது தானியம் சேராத உணவு. நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறது. முடியை அனுப்பிச் செய்த ஒவ்வாமைப் பரிசோதனையில் 31 பொருள்கள் ஆகாது என்று வந்திருக்கிறது. இனி எதைத்தான் கொடுப்பது? அப்பா தினமும் காலையில் அவளுக்கு அரை பிஸ்கட் கொடுப்பார். அதை மட்டும் அவரால் விட முடியவில்லை. நான் ஏதோ தவறு செய்கிறேன் என்றே தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கறையில் குறை எதுவும் இல்லை. நள்ளிரவில் எழுந்து கதவைத் திறந்து, நாயை வெளியே அழைத்துப்போய், திரும்பி வந்து தரையைத் துடைத்துவிட்டுப் படுக்கிறவர்கள்தான் இப்படிக் கடிதம் எழுதுகிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூலிக்கு எது ஆகவில்லை என்பது ஒன்றரை ஆண்டு கழித்தும் தெரியாமல் இருப்பதற்கு அந்த ஐந்து உணவு மாற்றங்களே பெரிய காரணம். ஒவ்வோர் உணவும் தன் விடையைச் சொல்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இடையில் மருந்தும் சேர்ந்துகொண்டது. எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. ஆகவே இந்தப் பதில் முழுவதிலும் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு உரிய காலத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்தது.

நீங்கள் எழுதிய அறிகுறிகள் எனக்கு நிறையச் சொல்கின்றன. வயிற்றுப்போக்கு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கோளாறு சிறுகுடலில் இருந்தால் ஒரு மாதிரியும் பெருங்குடலில் இருந்தால் வேறு மாதிரியும் இருக்கும். சிறுகுடல் கெட்டால் மலத்தின் அளவு மிகுதியாக இருக்கும். நாளைக்கு இரண்டு, மூன்று முறைதான் போகும். சத்து உடலில் சேராததால் எடை இறங்கும். உள்ளே கசியும் இரத்தம் செரித்துத் தார்போலக் கறுப்பாக வெளிவரும். பெருங்குடல் கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை, அவசரமாக, முக்கி முக்கிப் போகும். சளி இருக்கும். இரத்தம் சிவப்பாகவே வரும். எடை பெரும்பாலும் குறையாது. ஜூலியின் நிலை இந்த இரண்டாவதோடுதான் பெரிதும் ஒத்துப்போகிறது. எடை குறையாததும் பசி குறையாததும் நல்ல அடையாளங்கள்.

உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சில கதவுகளை மூடிவிட வேண்டும். பெருங்குடலைக் குறிவைத்துத் தாக்கும் புழு ஒன்று இருக்கிறது, சாட்டைப்புழு. சளி, சிவப்பு இரத்தம், வந்து வந்து போகும் கழிச்சல் எல்லாம் அதற்கும் பொருந்தும். நாயின் வயிற்றுக்குள் போன முட்டை வளர்ந்து, புழுவாகி, மறுபடி முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். அதன் பிறகும் அது தினமும் முட்டை இடுவதில்லை. அதனால் ஒரே ஒரு மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், புழு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஜியார்டியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும் இப்படித்தான், விட்டு விட்டு வெளிவரும். வெவ்வேறு நாள்களில் எடுத்த மலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு எப்படி இருந்தாலும் சாட்டைப்புழுவுக்கு உரிய மருந்தை முறையாக ஒரு சுற்றுக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. எல்லாக் குடற்புழு மருந்தும் அதற்கு வேலை செய்வதில்லை என்பதால் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவள் போகும் இடத்தில் மலத்தை உடனுக்குடன் அள்ளிவிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அடுத்து ஓர் இரத்தப் பரிசோதனை. அதில் நான் குறிப்பாகப் பார்க்க விரும்புவது ஆல்புமின் என்ற புரதமும் பி12 வைட்டமினும். குடல் மோசமாகச் சேதமடைந்தால் இவை இறங்கும். இறங்கியிருந்தால் உணவுச் சோதனை மட்டும் செய்து காத்திருக்கக் கூடாது. கூடவே அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சுரப்பி சரியாகச் சுரக்காத ஒரு நோய் உண்டு. அது நடுவயதுப் பெண் நாய்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. வாந்தி, கழிச்சல், சில நாள் நலம், மறுபடியும் கழிச்சல் என்று குடல் நோய்போலவே வேடம் போடும். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையிலோ ஊசியிலோ கட்டுக்குள் வைத்துவிடலாம். கண்டுபிடிக்காமல் விட்டால் ஒருநாள் திடீரென்று உயிருக்கே ஆபத்தாகும். கணையம் நொதி சுரக்காத நோயை ஜூலியின் விஷயத்தில் நான் சந்தேகப்படவில்லை. அதில் நாய் எவ்வளவு தின்றாலும் மெலிந்துகொண்டே போகும்.

ஆன்டிபயாடிக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை அதிகம் ஏமாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன். மருந்து கொடுத்தீர்கள், சரியானது. எனவே மருந்துதான் சரிசெய்தது என்று நினைப்பது இயல்பு. நாய்களின் திடீர்க் கழிச்சலில் பெரும்பகுதி சில நாள்களில் தானாகவே அடங்கிவிடும். உச்சத்தில் இருக்கும்போது மருந்தைத் தொடங்குகிறோம், தானாகத் தணியும் நேரத்தில் நல்ல பெயரை மருந்து வாங்கிக்கொள்கிறது. இதற்கு அதிகம் கொடுக்கப்படும் மருந்து மெட்ரோனிடசோல். நலமாக இருக்கும் நாய்களுக்கே இதை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நிறுத்தி நான்கு வாரம் கழிந்தும் சில நாய்களின் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களில் சில, ஈரலிலிருந்து வரும் பித்த அமிலத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையைச் செய்கின்றன. அவை அழிந்தால் மாற்றப்படாத பித்த அமிலம் பெருங்குடலில் சேர்ந்து, அதுவே கழிச்சலை உண்டாக்கும். நிறுத்த வந்த மருந்தே அடுத்த சுற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. காய்ச்சல், சோர்வு, இரத்தத்தில் தொற்றின் அடையாளம் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ஓடியாடி, பசித்துச் சாப்பிடும் நாய்க்கு ஐந்தாவது சுற்று வேண்டாம். இதை உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் வருத்தப்பட மாட்டார்.

அந்த 31 பொருள் பட்டியலை எடுத்து வைத்துவிடுங்கள். மனம் வருந்தித்தான் இதைச் சொல்கிறேன், அதை நம்பி எத்தனை வேளை அவளுக்குச் சமைத்திருப்பீர்கள் என்று தெரியும். முடியிலும் எச்சிலிலும் ஒவ்வாமை கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஒரு பரிசோதனைக்கு, ஒவ்வாமை உள்ள நாய்களின் மாதிரியோடு, நலமான நாய்களின் மாதிரியையும், செயற்கை முடியையும் வெறும் உப்புநீரையும் அனுப்பிப் பார்த்தார்கள். உயிரே இல்லாத அந்தச் செயற்கை முடிக்கும் ஒவ்வாமை இருப்பதாக அறிக்கை வந்தது. இரத்தத்தில் செய்யும் உணவு ஒவ்வாமைப் பரிசோதனைகளையும் நம்பி ஓர் உணவை நீக்கவோ சேர்க்கவோ முடியாது. நாய்க்கு உணவு ஆகவில்லையா என்று அறிய இன்றுவரை நம்பகமான சோதனை ஒன்றுதான்: சந்தேகத்துக்குரிய உணவை முழுவதும் நிறுத்திப் பார்ப்பது, பிறகு மறுபடி கொடுத்துப் பார்ப்பது.

அதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிடுகிறேன். உணவு ஆகவில்லை என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஒவ்வாமை. உடலின் எதிர்ப்பாற்றல், தீங்கற்ற ஒரு புரதத்தைப் பகையாக எண்ணிப் போர் தொடுப்பது. துளி அளவு போதும். வயிறு மட்டுமின்றித் தோலும் காதும் பாதமும் அரிக்கும். இன்னொன்று செரிக்க இயலாமை. எதிர்ப்பாற்றலுக்கு இதில் வேலை இல்லை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம், பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி குட்டிப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடுவதுதான். கொழுப்பு மிகுந்த உணவு ஆகாததும் இந்த வகையில் சேரும். இங்கே அளவுதான் பேசும்: கொஞ்சம் தாங்கும், அதிகம் தாங்காது. ஜூலிக்கு வயிற்றோடு பாதமும் காதும் சேர்ந்திருப்பதால் ஒவ்வாமையின் பக்கம்தான் என் பார்வை போகிறது.

எதற்கு ஒவ்வாமை? பெரும்பாலோர் தானியத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். உணவு ஒவ்வாமையால் தோல் நோய் வந்த 297 நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு மீளாய்வு வெளிவந்தது. அதில் மாட்டிறைச்சி 34 விழுக்காடு, பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13, ஆட்டிறைச்சி 5. கோதுமைக்கு முன்னால் மூன்று விலங்குப் புரதங்கள் நிற்கின்றன. இவை மற்றப் புரதங்களைவிடப் பொல்லாதவை என்று பொருளில்லை; நாய் அடிக்கடி தின்பது எதுவோ அதற்குத்தான் ஒவ்வாமை வரும். தானியம் நீக்கிய உணவில் பெரும்பாலும் கோழி அப்படியே இருக்கும், தானியத்தின் இடத்தில் பட்டாணியும் பருப்பும் வந்திருக்கும். அத்தகைய உணவு தின்ற நாய்களில் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் தென்பட்டதை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. தானியம்தான் ஆகவில்லை என்று ஜூலியின் விஷயத்தில் நிரூபணம் இல்லாதபோது அந்த உணவைத் தொடர நான் சொல்ல மாட்டேன்.

இனிச் சோதனைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து, ஜூலி பிறந்ததிலிருந்து தின்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐந்து உணவுப் பைகளின் பின்பக்கத்தையும் படியுங்கள். முன்பக்கம் மீன் என்று போட்டிருந்தாலும் பின்பக்கத்தில் கோழிக் கொழுப்பு இருக்கும். அந்தத் தாளில் இல்லாத ஒரே ஒரு புரதமும், இல்லாத ஒரே ஒரு மாவுச்சத்தும்தான் சோதனை உணவு. ஐந்து உணவு மாறிய நாய்க்கு அப்படிப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், ஜூலிக்கு நான் தேர்ந்தெடுப்பது புரதத்தை முன்கூட்டியே சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவை. துண்டுகள் மிகச் சிறியவையாக இருப்பதால் எதிர்ப்பாற்றலுக்கு அவற்றை அடையாளம் தெரிவதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்கும் உணவாகவே இருக்கட்டும். ஒரே புரதம் என்று அச்சிட்டு விற்கும் சாதாரண உணவுகளைச் சோதித்தபோது, உறையில் சொல்லாத வேறு விலங்குகளின் புரதம் பலவற்றில் கலந்திருந்தது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. விற்பவருக்கு அது சிறு கலப்படமாகத் தோன்றலாம். சோதனையையே அது பாழாக்கிவிடும்.

வீட்டில் சமைத்துக் கொடுக்கலாமா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. வளர்ந்த நாய்க்குச் சோதனைக் காலத்தில் மட்டும், ஒரு புரதம் ஒரு மாவுச்சத்து என்று மருத்துவர் சொல்லும் அளவில் கொடுப்பதில் தவறில்லை. நிரந்தரமாக்கும் எண்ணம் இருந்தால் விலங்கு உணவியல் படித்தவர் கணக்கிட்டுக் கொடுத்த குறிப்பு வேண்டும். வீட்டுச் சமையலுக்காகப் புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், 95 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் அவசியச் சத்தாவது போதாமல் இருந்தது. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. கணக்கில்லாமல் சமைத்தால் நாய் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கும்.

புதிய உணவுக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். முழுவதும் மாறிய நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள், கணக்கு அன்றிலிருந்துதான். வயிறு உணவுக்குக் கட்டுப்படுவதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்திலேயே தெரியும். மூன்று, நான்கு வாரம் வரை பொறுக்கலாம். தோலுக்கு அவசரமே கிடையாது. அரிப்பு அடங்க எட்டு வாரம் கொடுக்க வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதற்குள் தேறிவிடும். வயிறு சரியாகி, பாதம் நக்குவது மட்டும் நிற்காவிட்டால், தூசி, மகரந்தம் போன்றவற்றுக்கான ஒவ்வாமையும் கூடவே இருக்கலாம். அப்போது வயிறு தேறியதை விட்டுவிடாமல், தோலுக்குத் தனியாக வழி தேட வேண்டும்.

இந்த எட்டு வாரமும் அவள் வாயில் வேறு எதுவும் போகக் கூடாது. எதுவும் என்றால் எதுவுமேதான். எனக்குப் பாடம் கற்பித்த ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டார் மிகவும் கட்டுப்பாடானவர்கள். எடை போட்டுத்தான் உணவு வைத்தார்கள். ஐந்து வாரம் நன்றாகத் தேறிய நாய்க்கு, ஆறாவது வாரம் மலம் தண்ணீராகப் போனது. நான் சோதனை தோற்றது என்றே முடிவு செய்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண் குழந்தைதான், மாத மாத்திரை போட்ட மறுநாள் ஆரம்பித்தது என்று சொன்னாள். உண்ணிக்காக நான் எழுதிக்கொடுத்த, மென்று தின்னும் மாத்திரை அது. நாய் விரும்பித் தின்ன மாட்டிறைச்சிச் சுவை சேர்த்திருந்தார்கள். அந்த உறையை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து யாருக்குச் சோதனை உணவு எழுதினாலும், மாத்திரை, ஜெலட்டின் உறை, பற்பசை, மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் பாலாடைக்கட்டி, மெல்லுவதற்குக் கொடுக்கும் தோல் துண்டு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். மருந்துகளுக்குச் சுவை சேர்க்காத மாற்று இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் அதன் கிண்ணமும் மணல் தட்டும் ஜூலிக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். வெளியே போகும்போது தெருவில் கிடப்பதைப் பொறுக்காதபடி கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

அப்பாவின் பிஸ்கட்டுக்கு வருகிறேன். அரை பிஸ்கட்தானே என்று அவருக்குத் தோன்றும். ஆனால் அதில் கோதுமையும் இருக்கிறது, பாலும் இருக்கிறது. மேலே சொன்ன பட்டியலில் இரண்டுக்கும் இடம் உண்டு. தினமும் அரை பிஸ்கட் உள்ளே போய்க்கொண்டிருந்தால், நீங்கள் எந்த உணவை மாற்றினாலும் விடை கிடைக்காது. ஒருவேளை இந்த ஒன்றரை ஆண்டும் அப்படித்தான் நடந்ததோ என்னவோ. அதற்காக அவரிடம், கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவருக்கும் அவளுக்கும் காலை அந்தப் பிஸ்கட்டில்தான் விடிகிறது. தினமும் ஜூலியின் உணவை அளக்கும்போது அதிலிருந்தே ஒரு கைப்பிடியை எடுத்து, ஒரு சிறு டப்பாவில் போட்டு அப்பாவிடம் கொடுங்கள். காலையில் அவர் கையால் அதையே ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். நாய் காத்திருப்பது பிஸ்கட்டுக்காக என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது காத்திருப்பது கொடுக்கிற கைக்காக. இன்னொரு பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள்: குறிப்பேடு. மலம் எப்படி இருந்தது என்று தினமும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 1 என்றால் கல்போல உலர்ந்தது, 7 என்றால் வெறும் தண்ணீர். 2, 3 நல்லது. எத்தனை முறை, சளி உண்டா, வாந்தி உண்டா, எத்தனை நேரம் பாதம் நக்கினாள் என்பதையும் அவர் எழுதலாம். காலையில் அவளோடு இருப்பவர் அவர்தான். குறிப்பேடு அவர் கையில் இருந்தால் பிஸ்கட் டப்பா தானாக மூடிக்கொள்ளும்.

விடியற்காலை மஞ்சள் வாந்திக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இரவு நெடுநேரம் வயிறு காலியாக இருக்கும்போது பித்தநீர் மேலேறி இரைப்பையை உறுத்துகிறது. அன்றாட அளவைக் கூட்டாமல், அதில் ஒரு சிறு பங்கைப் படுக்கப்போகும் நேரத்தில் கொடுங்கள். பல நாய்களுக்கு இதுவே போதும். ஆனால் இதையும் உணவு மாற்றத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இப்போதைய உணவிலேயே ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். மலப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்கும் நாள்கள் அதற்குச் சரியாக இருக்கும். இசப்கோல் போன்ற நார்ச்சத்தும் பெருங்குடல் கோளாறுக்கு நன்றாக உதவும், நல்ல பாக்டீரியாப் பொடிகளும் சில நாய்களுக்கு உதவுகின்றன. அவற்றைப் பின்னால் வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்து ஜூலி தேறிவிட்டால், எதனால் தேறினாள் என்று மறுபடியும் தெரியாமல் போகும்.

இடையில் ஒருநாள் கழிச்சல் வந்தால் பதறாதீர்கள். பட்டினி போட வேண்டாம். குடலின் உட்சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ள உணவு வேண்டும். அதே சோதனை உணவைச் சிறு சிறு பங்காகக் கொடுங்கள், தண்ணீரை எப்போதும் எட்டும் இடத்தில் வையுங்கள். மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ கொடுக்கவே கூடாது. கழிச்சலை நிறுத்தும் லோப்பரமைடு, கோலி (Collie) என்ற மேய்ப்பு நாய் இனத்திலும் அதன் வழி வந்த கலப்பினங்களிலும் மரபணுக் கோளாறு உள்ளவற்றின் மூளையைத் தாக்கும். ஜூலியின் முன்னோர் யார் என்று நமக்குத் தெரியாது. வலி மாத்திரையான ஐபுபுரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆனால் சில நிலைகளில் காலை வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி, தார்போல் கறுத்த மலம், மலத்தில் இரத்தம் கொட்டுவது, ஈறு வெளுத்துப் போவது, எழ முடியாத சோர்வு, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வயிறு உப்பியிருக்க, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

எட்டு வாரம் முடிந்து ஜூலி தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். தேறிய நாயை மறுபடி கெடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் பழைய உணவை ஒருமுறை திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அது இல்லாமல், தேறியது உணவாலா, புழு மருந்தாலா, காலத்தாலா என்று சொல்ல முடியாது. ஒரு தவறான முடிவோடு அவள் வாழ்நாள் முழுவதும் கட்டுப்பாட்டில் இருக்க நேரிடும். பழைய உணவைக் கொடுத்ததும் வயிறு கெடுவதாக இருந்தால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ கெட்டுவிடும். தோல் அரிக்க இரண்டு வாரம் வரை ஆகலாம். கெட்ட அன்றே நிறுத்திச் சோதனை உணவுக்குத் திரும்பினால் சில நாளில் சரியாகிவிடும். அடங்கிய பிறகு கோழி மட்டும், பிறகு மாட்டிறைச்சி மட்டும் என்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். முடிவில் உங்களிடம் இருக்கும் பட்டியலில் 31 பெயர் இருக்காது. இரண்டோ மூன்றோதான் இருக்கும், அவையும் ஜூலியே எழுதிக்கொடுத்தவையாக இருக்கும்.

தேறாவிட்டால்? நீண்ட நாள் குடல் கோளாறு உள்ள நாய்களில் பாதிக்கு மேல் உணவுக்கே கட்டுப்படுகின்றன. முதல் உணவுக்குக் கட்டுப்படாதவற்றில் சில இரண்டாவதுக்குக் கட்டுப்படும். எனவே வேறு வகை உணவில் இன்னொரு முறை, இந்த முறை வயிற்றுக்காக மட்டும் இரண்டு, மூன்று வாரம் முயன்று பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்கேனும், உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வழியாகக் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனையும் தேவைப்படும். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து அதற்குப் பிறகுதான். அப்படி நேர்ந்தாலும் அப்பாவின் குறிப்பேட்டை அந்த மருத்துவரிடம் கொடுங்கள். அவருக்கு அது எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததாக இருக்காது.

ஒன்றொன்றாகச் சேர்க்கும் வரிசையில் கோதுமையையும் பாலையும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துக்கொண்டால் அரை பிஸ்கட் திரும்பி வரலாம்: சாக்லேட்டோ உலர் திராட்சையோ சைலிட்டால் என்னும் இனிப்போ சேராத சாதாரண பிஸ்கட், அன்றைய உணவு அளவில் பத்தில் ஒரு பங்குக்கு உட்பட்டு. அந்த முதல் பிஸ்கட்டை அப்பாவே கொடுக்கட்டும். மறுநாள் காலைக்கான மதிப்பெண்ணையும் அவரே எழுதட்டும். எட்டாவது வாரக் குறிப்பேட்டை எனக்கு அனுப்பி வையுங்கள், நானும் பார்க்க விரும்புகிறேன்.